அந்திமந்தாரைப் பொங்கல்

நயினாருக்குப் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாள் காலையில், வந்திருந்த சொந்தக்காரர்கள் பைகளைக் கட்டி வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் நேரம் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவருடைய மனைவி தங்கபுஷ்பம் எல்லாருக்கும் வெண்பொங்கல் வைத்தாள். அந்தப் பொங்கலில் மிளகுக்குப் பதிலாக அந்திமந்தாரை விதையைப் போட்டாள். அதைச் சாப்பிட்ட அத்தனை பேருக்கும் அடுத்த அமாவாசைக்குள் தலையில் செடி முளைத்துவிட்டது. நடந்தது இவ்வளவுதான். சந்தேகம் இருக்கிறவர்கள் தென்காசி பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் எந்தக் கடையில் வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளலாம். அங்கே யாரும் அதை ஒரு பெரிய விஷயமாகச் சொல்ல மாட்டார்கள், அன்றைக்குப் பொங்கலில் நெய் கொஞ்சம் கம்மி என்று வேண்டுமானால் சொல்வார்கள்.

அந்திமந்தாரை விதையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது மிளகேதான். அதே கறுப்பு, அதே உருண்டை, அதே சுருக்கம். உடைத்தால்தான் உள்ளே வெள்ளை மாவு இருக்கும், சின்னப் பிள்ளைகள் எடுத்துப் பவுடர் என்று முகத்தில் பூசிக்கொள்ளும். அதைத் தின்னக்கூடாது, வயிற்றைக் கலக்கிவிடும் என்று எல்லாருமே கேள்விப்பட்டிருந்தார்கள். ஆனால் நயினார் அதை அடுப்படியில்தான் வைத்திருந்தார், அடுப்புச் சூடு படுகிற இடத்தில் இருந்தால் பூச்சி அரிக்காது என்று, பழைய காப்பித்தூள் பாட்டில் ஒன்றில், மிளகு இருந்த இன்னொரு பழைய காப்பித்தூள் பாட்டிலுக்குப் பக்கத்தில். "ஒருநா இல்லாட்டி ஒருநா இத நான் ரசத்துல தட்டிப் போடப்போறேன், பாத்துக்கிடுங்க" என்று புஷ்பம் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "போடேன், வயித்துல பூக்கட்டும்" என்று அவரும் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மற்ற நாளாக இருந்தால் அவள் பொங்கலை ஒரு துளி உள்ளங்கையில் வைத்து நக்கிப் பார்த்ததுமே கண்டுபிடித்திருப்பாள். அன்றைக்கும் நக்கித்தான் பார்த்தாள். ஆனால் நயினார் போன நாளிலிருந்து அவள் நாக்குக்கு ஒன்றும் தெரியவில்லை, உப்பும் தெரியவில்லை, இனிப்பும் தெரியவில்லை, காரம் உறைக்கவில்லை. நாக்கை மட்டும் சொல்வானேன், அவளுக்கு எதுவுமே உறைக்கவில்லை என்றுதான் தெருவே பேசிக்கொண்டது.

அப்படிப் பேசுவதற்கு ஒரு காரணம் இருந்தது. நயினார் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும்போதுதான் போனார். கையில் ஹோஸ் பைப்போடு, கோழிக்கொண்டைப் பூச்செடிக்கும் வாடாமல்லிக்கும் நடுவில், உட்காருகிற மாதிரி உட்கார்ந்து அப்படியே சாய்ந்துவிட்டார். தண்ணீர் வாசலைத் தாண்டித் தெருவுக்கு ஓடி, எதிர்வீட்டுக் கோலத்தை அழித்து, அந்த வீட்டு ஜெபமணி டீச்சர் என்னவோ ஏதோ என்று வந்து பார்த்தபோது, புஷ்பம் அவரைத் தாண்டிப் போய்க் குழாயை அடைத்துக்கொண்டிருந்தாள். இறுக்கி அடைத்தாள், சொட்டுகிறதா என்று பார்த்தாள், பிறகு திரும்பி வந்து, "டீச்சர், அவுக போயிட்டாவ" என்றாள். பால் தீர்ந்துவிட்டது என்று சொல்வதைப் போல இருந்தது அது. அதற்கப்புறம் தூக்கும்போதும் அழவில்லை, விசேஷத்துக்கு முதல்நாள் தலை நிறையப் பூவை வைத்து, நாத்தனார் செல்லக்கனி தன் கையாலேயே அந்தப் பூவை எடுத்தபோதும் அழவில்லை. முடி வெட்டுகிறவர் முன்னால் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தாள். "புருசன் கெடக்கான், இவ பைப்ப அடைக்கா. என்ன நெஞ்சோ" என்றார்கள். அதுவும் அவள் காதில் விழுந்தது, விழுந்த இடத்திலேயே கிடந்தது.

பொங்கலைச் சாப்பிட்டவர்களுக்காவது உறைத்திருக்க வேண்டாமா என்றால், உறைக்கவில்லை என்பது அவர்களுக்கு உறைத்தது. ஆனால் துக்க வீட்டில் போய் மிளகு காரமில்லை என்று யார் சொல்வது? நயினாரின் தம்பி சேர்மத்துரை மட்டும், "மைனி, சட்னி இருந்தாக் கொஞ்சம் வைங்களேன்" என்றான். இன்னொன்றும் இருக்கிறது. உலகத்தில் பாதிப்பேர் பொங்கலில் மிளகைப் பொறுக்கி இலையோரம் ஒதுக்கிவிடுவார்கள், அவர்களாக இருந்தால் தப்பித்திருப்பார்கள். ஆனால் நயினாருடைய அப்பா, மிளகை ஒதுக்குகிறவன் எனக்குப் பிறந்தவனில்லை என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை வளர்த்தவர். அந்தக் குடும்பத்தில் கட்டிக்கொண்டு வந்தவர்கள்கூட மிளகை ஒதுக்க மாட்டார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது வேறு. எல்லாரும் கடிக்காமல் விழுங்கினார்கள். பாட்டில் முழுவதையும் அவள் கவிழ்த்திருந்தாள், அதனால் ஆளுக்குப் பத்துப் பதினைந்தாவது உள்ளே போயிருக்கும்.

புஷ்பம் மட்டும் சாப்பிடவில்லை. பரிமாறிக்கொண்டே இருந்தாள், கடைசியில் பார்த்தால் பானையைச் சுரண்டியாகிவிட்டது. ஒரு டம்ளர் காப்பியைக் குடித்தாள். அது காப்பிதானா என்பதும் அவளுக்குத் தெரியவில்லை.

நயினார் மின்சார வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவில் அவர் ஏறாத கம்பம் கிடையாது. கம்பத்தின் மேலே நிற்கிறவனுக்கு மதிலுக்கு அந்தப் பக்கம் தெரியும், அதனால் யார் வீட்டுக் கொல்லையில் என்ன பூத்திருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்த அளவுக்கு அந்த வட்டாரத்தில் யாருக்கும் தெரியாது. வேலை முடிந்ததும் கீழே இறங்கி, கதவைத் தட்டி, "யம்மா, அந்த மஞ்சளும் ரோஸும் கலந்த அந்திமந்தாரையில நாலு விதை பொறுக்கிக்கிடட்டா?" என்பார். யார் மாட்டேன் என்பார்கள்? சட்டைப்பையில் டெஸ்டரோடு விதையும் கிடக்கும். வீட்டில் உடைந்த குடம், அறுத்த டிரம், லாரி டயர் எல்லாவற்றிலும் பூ. காசித்தும்பை, துலுக்கச் சாமந்தி, வாடாமல்லி, சங்குப்பூ என்று எதையும் விட மாட்டார், ஆனாலும் அவருக்கு உயிர் அந்திமந்தாரைதான். ஒரே செடியில் ஒரு பூ மஞ்சளாகவும் ஒரு பூ ரோஸாகவும் ஒரு பூ இரண்டையும் தெளித்த மாதிரியும் பூக்கும். ஊரெல்லாம் காலையில் பூக்கிறபோது இது சாயங்காலம் நாலரைக்கு மேல்தான் கண்ணைத் திறக்கும். "நம்மள மாதிரி, டூட்டி முடிஞ்சு வந்த பொறவுதான் சிரிப்பு" என்பார்.

பூத்ததைப் பறித்துக் கொடுக்க அவருக்குப் பிடிக்காது, விதையைத்தான் கொடுப்பார். கல்யாணம், காதுகுத்து எங்கே போனாலும் பேப்பரில் மடித்த பொட்டலங்கள் கூடவே போகும். அக்கா செல்லக்கனிக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று, சென்னையில் இருக்கிற மகள் அமுதவல்லிக்கு ஒன்று, அத்தை மக்கள் சித்தப்பா மக்களுக்கெல்லாம் ஒவ்வொன்று. எல்லாரும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டார்கள், ஒருத்தரும் போடவில்லை. சேர்மத்துரையின் பொட்டலம் சட்டையோடு துவைக்கப் போகும். அமுதவல்லியினுடையது ரயிலிலேயே இறங்காமல் போய்விடும். செல்லக்கனி பீரோ மேல் வைப்பாள், எறும்பு கொண்டுபோகும். அடுத்த வாரம் அவர் ஒவ்வொருத்தருக்காகப் போன் போட்டு, "முளைச்சுதா?" என்று கேட்பார். மனதைக் கஷ்டப்படுத்த வேண்டாமே என்று, "முளைச்சுது, ரெண்டு இலை விட்டிருக்கு" என்பார்கள். அதற்கடுத்த வாரம் மொட்டு வரும், அதற்கடுத்த வாரம் பூக்கும், எல்லாம் போனிலேயே. அவர் சாயங்காலம் புஷ்பத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, இன்றைக்கு யார் வீட்டில் என்ன நிறம் பூத்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பார். அவளுக்கு அத்தனையும் பொய் என்று தெரியும். சொன்னதில்லை.

இப்போது அந்தப் பொய்யெல்லாம் தலையில் முளைத்தது.

முதலில் ஊறல்தான். அமுதவல்லி சென்னையிலிருந்து போன் செய்து, "பேனு வந்துருக்கும்மா, இத்தன வயசுக்கு மேல" என்று சிணுங்கினாள். பேன் சீப்பை எடுத்து வாரினால் சீப்பில் பச்சை இலை வந்தது. சேர்மத்துரைக்கு உச்சந்தலையில் வழுக்கை, அங்கே பிடிமானம் இல்லாததால் மீசையில் முளைத்தது, கொஞ்சம் காதோரத்திலும். பிடுங்கிப் பார்த்தான், பல்லைப் பிடுங்குகிற மாதிரி வலித்தது. சவரக்கடையில் கொடுத்து ஒட்ட வெட்டினான், வெட்டின செடி தழைக்கும் என்கிற ஞானம் அவனுக்கு இல்லை, மூன்று கிளையாக வந்தது. செல்லக்கனிக்குத்தான் ரொம்பச் செழிப்பு. அவள் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருந்தாள்.

ஒருநாள் நாலரை மணிக்கு எல்லாருக்கும் பூத்தது. கடையத்தில், அம்பாசமுத்திரத்தில், சென்னையில், எங்கெங்கே இருந்தார்களோ அங்கங்கே. புஷ்பத்துக்கு வரிசையாகப் போன் வந்தது. அவள் எழுந்து போய் அடுப்படி அலமாரியைப் பார்த்தாள். மிளகு பாட்டில் நிறைந்திருந்தது, விதை பாட்டில் காலியாக இருந்தது. "அவுகளோட விதைதான். நான்தான் மாத்திப் போட்டுட்டேன்" என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னாள். நயினாரோட விதையா, அப்படியானால் சரி என்று எல்லாரும் போனை வைத்தார்கள். வேறு யாருடையதாவது என்றால்தான் பயப்பட வேண்டும்.

ஊர் எவ்வளவு நாளில் எதற்குப் பழகும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் எதற்கும் பழகிவிடும். சேர்மத்துரை டவுன் பஸ்ஸில் கண்டக்டர். முதல் வாரம் அவன் மீசையைப் பார்த்துச் சிரித்தார்கள். இரண்டாவது வாரம் காலேஜ் பிள்ளைகள், "அண்ணாச்சி, அந்த ரோஸ் ஒண்ணு" என்று கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார்கள். மூன்றாவது வாரம் முதல், சாயங்கால டிரிப்பில் வேறு கண்டக்டர் வந்தால் இந்த பஸ் ஏன் வாசமில்லாமல் வருகிறது என்று ஜனங்கள் சண்டை பிடித்தார்கள். அமுதவல்லியின் ஆபீஸில் சாயங்கால மீட்டிங் எல்லாவற்றையும் மத்தியானத்துக்கு மாற்றினார்கள், பூக்கிறபோது அவள் பேசுவதை யாரும் கவனிக்கவில்லை என்று. பூசாரி, தலையில் முளைத்தது தலையில் சூடியது மாதிரிதானே, அதைச் சாமிக்குப் போடலாமா கூடாதா என்று யோசித்து யோசித்து, கடைசியில் போடலாம், ஆனால் சாமியே கேட்டால்தான் என்று ஒரு முடிவுக்கு வந்தார். பெண் பார்க்க வருகிறவர்கள், "பொண்ணு பொங்கல் சாப்பிட்ட பொண்ணா, சாப்பிடாத பொண்ணா?" என்று விசாரித்தார்கள். சாப்பிட்ட பெண்ணுக்கு மவுசு கூடியது.

செல்லக்கனி விஷயம்தான் கொஞ்சம் இழுத்தது. அவள் கல்யாணமான மறுவருஷமே புருஷனைப் பறிகொடுத்தவள், அன்றையிலிருந்து தலையில் ஒரு இதழ்கூட ஏறினதில்லை. குடும்பத்தில் எந்தப் பெண் தாலியை இழந்தாலும் பூவை எடுக்கிற வேலை அவளுக்குத்தான் வரும், ஏனென்றால் அவளுக்கு முறை தெரியும், தப்பு நடக்காது. அப்பேர்ப்பட்டவளுக்குத் தும்பை மாதிரி வெளுத்த தலையில் ரோஸும் மஞ்சளுமாகப் பூத்துக் குலுங்கினால் என்ன செய்வது? நாலு மணி ஆனதும் முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொள்வாள். வாசத்தை மூட முடியுமா? கடையத்தில் அவள் தெருவில் இதைப்பற்றிப் பெரிய விவாதமே நடந்தது. தலையில் பூ வைப்பதுதான் அவளுக்கு ஆகாது, முளைப்பது ஆகாது என்று எங்கே சொல்லியிருக்கிறது என்று ஒருவர் கேட்டார். வைத்தால்தான் தப்பு, முளைத்தால் தப்பில்லை என்று தீர்மானமாயிற்று. அந்தத் தீர்மானம் வெளியே பரவினதும், தென்காசியிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்த புருஷன் இல்லாத பெண்கள், மத்தியான வெயிலில் ஒவ்வொருத்தராக, காப்பித்தூள் கடன் கேட்க வருகிற மாதிரி புஷ்பத்தின் வீட்டுக்கு வந்தார்கள். "ஒரு வாய்ப் பொங்கல் இருக்குமா தாயி?" என்றார்கள். "விதை தீந்துபோச்சு. அவங்க தலையில காய்ச்சதும் வாங்கிக்கிடுங்க" என்று புஷ்பம் சேர்மத்துரையின் பஸ் நேரத்தைச் சொல்லி அனுப்பினாள்.

பூத்தால் காய்க்கத்தானே செய்யும். காலையில் எழுந்தால் தலையணையெல்லாம் கறுப்பு விதை. அதை வைத்திருந்து என்ன செய்ய? நயினார் செய்ததையே அவர்களும் செய்ய ஆரம்பித்தார்கள். பேப்பரில் மடித்துப் பொட்டலம் கட்டி, கல்யாண வீட்டுக்குக் கொண்டுபோய், ஒருத்தருக்கொருத்தர் கொடுத்துக்கொண்டார்கள், "முளைச்சுதா?" என்று போன் போட்டுக் கேட்டுக்கொண்டார்கள். விதை காலில் மிதிபடுவதைக்கூடப் பொறுக்காதவர்களாக ஆகிவிட்டார்கள்.

இதற்கு நடுவில்தான் அமுதவல்லி ஒருநாள் போனில், "உனக்கு எப்படி இருக்கும்மா? என்ன கலர்?" என்று கேட்டாள்.

"எனக்கு முளைக்கல."

"ஏன்?"

"நான் அன்னைக்குச் சாப்பிடல."

தாலி கட்டிக்கொண்டவளுக்கு இல்லாமல், கொடுத்தும் போடாத தனக்குப் பூத்திருக்கிறதே என்று மகள் போனிலேயே அழுதாள். புஷ்பத்துக்கு அழுகை வரவில்லை. தோட்டத்தில் நயினாரின் செடியெல்லாம் கருகிப் போயிருந்தன. அவள் அந்தக் குழாயைத் திறக்கவே இல்லை, திறக்கக்கூடாது என்று இல்லை, திறக்க வேண்டும் என்று தோன்றவில்லை. ஜெபமணி டீச்சர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஒரு பாட்டம் அழுதுருங்க யக்கா, லேசாப் போகும்" என்பார். "மரத்துப் போச்சு டீச்சர்" என்பாள். "மரமாப் போனாலும் பூக்கணும்லா யக்கா" என்று டீச்சர் சிரிக்கப் பார்த்தார். புஷ்பமும் உதட்டை இழுத்துச் சிரிப்பு மாதிரி ஒன்றைச் செய்தாள்.

விதை வர ஆரம்பித்தது. அமுதவல்லி கூரியரில் அனுப்பினாள். சேர்மத்துரை டூட்டி முடிந்து நேரே வந்து, தன் மீசையில் காய்த்ததை உள்ளங்கையில் கொட்டி, "ராத்திரிச் சோத்தோட முழுங்கிருங்க மைனி. கடிக்கப்படாது, கடிச்சா முளைக்காது" என்று பக்குவமும் சொல்லிவிட்டுப் போனான். அத்தை மக்கள், சித்தப்பா மக்கள், எல்லாரும் கொண்டுவந்து கொடுத்தார்கள். வாங்கி வாங்கி அந்தக் காலிப் பாட்டிலில் போட்டாள். பாட்டில் பழையபடி நிறைந்து, மிளகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. ஒன்றைக்கூட அவள் விழுங்கவில்லை.

"முளைச்சுதா?" என்று போன் வந்தது. எல்லாரும் கேட்டார்கள், நயினாரின் குரலிலேயே கேட்கிற மாதிரி கேட்டார்கள். கொஞ்ச நாள் பார்த்தாள். அப்புறம், "முளைச்சுது, ரெண்டு இலை விட்டிருக்கு" என்று சொல்லிவிட்டாள். அடுத்த வாரம் மொட்டு என்றாள். எல்லாருக்கும் சந்தோஷம். அமுதவல்லி மட்டும் அம்மாவின் குரலில் ஏதோ சரியில்லை என்று செல்லக்கனி அத்தைக்குச் சொன்னாள். செல்லக்கனி அதைக் கேட்டதும் செருப்பை மாட்டினாள்.

அவள் கடையத்திலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. தலையில் முந்தானை. அந்த வீட்டில் வயதில் மூத்தவள் அவள்தான். உள்ளே வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல், புஷ்பத்தை ஜன்னல் பக்கமாகத் திருப்பி உட்கார வைத்தாள்.

"எங்க, அந்த ரெண்டு இலையக் காட்டு பாப்போம்."

புஷ்பம் தலையைக் குனிந்தாள். செல்லக்கனி முடியை வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தாள். முடிதான் இருந்தது, அதில் பாதி நரை.

"ரெண்டு இலை விட்டிருக்கு, மொட்டு விட்டிருக்குன்னு நான் அவன்ட்ட எத்தன வருசம் சொல்லியிருப்பேன் தெரியுமாட்டி. ஒரு விதைய மண்ணுல போட்டவ இல்ல நான். என் பொய்ய என்ட்டயே சொல்லுதியே."

"முழுங்கல மைனி."

"அது தெரியுது. ஏன் முழுங்கல?"

சுவரில் நயினாரின் போட்டோவுக்கு மாலை இருந்தது, அமுதவல்லி வாங்கி மாட்டின பிளாஸ்டிக் மாலை. அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் புஷ்பம் சொன்னாள்:

"முழுங்கி, முளைக்காட்டா?"

செல்லக்கனி அவள் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"துரைக்கு மீசையில முளைச்சிருக்கு. அவுகளோட ஒருநா ஒழுங்காப் பேசாதவங்களுக்கெல்லாம் முளைச்சிருக்கு. எனக்கு மட்டும் முளைக்காட்டா, ஊரு சொல்லுதது சரின்னு ஆயிரும்லா மைனி. அவுக கெடக்கும்போது பைப்ப அடைச்சவதான நானு. எனக்கு அழுகை வரல. வருத்தமா இருக்குன்னுகூடச் சொல்லத் தெரியல. காலு மரத்துப்போனா அது எங்க இருக்குன்னே தெரியாதுல்லா, அப்படி இருக்கேன். அந்த மண்ணுல போட்டு வெதைய ஏன் வீணாக்கணும்? அவுக வேற, விதை வீணாப்போனா வருத்தப்படுவாக."

இவ்வளவையும் அவள் ஒரே குரலில், கடைக்காரனிடம் சாமான் சொல்வதுபோல் சொன்னாள். செல்லக்கனிக்குத்தான் மூக்கு சிவந்தது. அவள் முந்தானையால் துடைக்கப் போய், முந்தானை தலையில் இருப்பது ஞாபகம் வந்து, புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"பைப்ப நானா இருந்தாலும் அடைச்சிருப்பேன். தண்ணி வீணாப் போகுதுல்லா. அவனே கண்ணத் தொறந்தான்னா மொதல்ல அதத்தான் அடைக்கச் சொல்லியிருப்பான்" என்றாள். பிறகு, "உன் தலையில இருந்து பூவ எடுக்கையில எனக்குக் கை நடுங்கிச்சுட்டி. நீ பாட்டுக்கு உக்காந்திருந்த. எனக்கு எடுக்கையில நான் வீட்டையே ரெண்டாக்குனேன், மூணு பேரு புடிச்சாவ. உன்னப் பாக்கப் பொறாமையா இருந்துச்சு. இவளுக்கு வலிக்கலியேன்னு" என்றாள்.

"வலிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும் மைனி."

செல்லக்கனி எழுந்து அடுப்படிக்குள் போனாள். அரிசி எங்கே, பருப்பு எங்கே என்று கேட்கவில்லை, தம்பி வீட்டு அடுப்படி அவளுக்குத் தெரியும். அரிசியும் பாசிப்பருப்பும் களைந்து போட்டாள்.

"சாயங்காலம் போய் யாராச்சும் பொங்கல் வைப்பாகளா மைனி?"

"நாம வைப்போம். எவன் கேக்கப்போறான்."

பொங்கல் குழைந்து வந்ததும் நெய்யைக் காய வைத்து, சீரகத்தைப் போட்டு, அலமாரியிலிருந்து இரண்டு பாட்டிலையும் ஒன்றாக எடுத்தாள். இதிலிருந்து ஒரு கை, அதிலிருந்து ஒரு கை அள்ளி நெய்யில் போட்டாள். புஷ்பம் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மைனி, கலந்துட்டியளே?"

"ஒண்ணு அவனோடது, ஒண்ணு கடைக்காரனோடது. எது எதுன்னு இனி எனக்கும் தெரியாது. உக்காரு."

ஒரு தட்டில் வைத்து நீட்டினாள். நெய் இந்தத் தடவை கம்மியில்லை. புஷ்பம் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சூடான பொங்கலை விரலால் பரப்பினாள். வெள்ளையில் கறுப்புக் கறுப்பாக எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. ஒரு வாய் எடுத்து வைத்தாள். கடிக்கக்கூடாது என்று சேர்மத்துரை சொன்னது ஞாபகம் இருந்தது, இருந்தாலும் கடித்தாள். மாவாக உடைந்தது. ஒன்றும் தெரியவில்லை. அடுத்த வாயையும் கடித்தாள், அதுவும் மாவு. ஒரு விதை போயிற்று, இன்னொரு விதை போயிற்று என்று செல்லக்கனி எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள், தடுக்கவில்லை. புஷ்பம் ஒன்றையும் ஒதுக்காமல், அந்த வீட்டு மருமகளாக, ஒவ்வொன்றாக மென்றுகொண்டே போனாள். கம்பத்தில் ஏறி நின்று அவர் எட்டிப் பார்த்த கொல்லையெல்லாம் அவள் பல்லுக்கிடையில் வெள்ளை மாவாக உடைந்துகொண்டிருந்தது, அவளுக்கு ஒன்றுமே தெரியவில்லை.

நாலரை ஆகியிருக்க வேண்டும். செல்லக்கனியின் முந்தானைக்குள் சின்னச் சின்னதாக அசைந்தது. பூத்தால் துணியைத் தள்ளும். அவள் இழுத்து மூடக் கையைக் கொண்டுபோனாள், அப்புறம் என்ன நினைத்தாளோ, கையை எடுத்துவிட்டாள். முந்தானை தோளில் சரிந்தது. வெள்ளைத் தலை முழுக்க மஞ்சளும் ரோஸும், இரண்டும் தெளித்ததும். அடுப்படியெல்லாம் வாசம் நிறைந்தது.

அப்போதுதான் புஷ்பம் மென்றுகொண்டிருந்த வாயை நிறுத்தினாள். கண்ணை அகலத் திறந்தாள். நாக்கின் நுனியில் ஒரு இடத்தில், பிறகு நாக்கு முழுக்க, பிறகு தொண்டையில், மூக்கில், காதுக்குள், அது போய்க்கொண்டே இருந்தது. மூச்சை உள்ளே இழுத்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது, நின்றது வழிந்தது, வழிந்தது நிற்கவில்லை. அவள் கதவு வழியே முன்னறைச் சுவரிலிருந்த போட்டோவைப் பார்த்தாள், நாலரை மணி வெளிச்சத்தில் வாசலுக்கு வெளியே கருகிக் கிடந்த செடிகளைப் பார்த்தாள், அங்கே போட்டது போட்டபடி கிடந்த ஹோஸ் பைப்பைப் பார்த்தாள். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. எதிர்வீட்டில் ஜெபமணி டீச்சர் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு எழுந்து நின்றார்.

செல்லக்கனி தண்ணீர்ச் செம்பை நகர்த்தினாள். புஷ்பம் வேண்டாமென்று தலையை ஆட்டினாள்.

"உறைக்குது மைனி" என்றாள். "உறைக்குது."

"உறைக்கட்டும்" என்றாள் செல்லக்கனி, இன்னும் ஒரு கரண்டி வைத்தாள்.